பழைய ஸ்போர்ட்ஸ் கார் மோதி நசுங்கிவிட்டதா? பட்டறைக்கு அனுப்பும் முன் போட வேண்டிய கணக்கு

கார் நிறுத்துமிடத்தில் தூண் உரசியிருக்கலாம். சிக்னலில் பின்னால் வந்த வாகனம் இடித்திருக்கலாம். மழையில் சறுக்கித் தடுப்புச் சுவரில் முட்டியிருக்கலாம். தினமும் வேலைக்கு ஓட்டும் கார் என்றால் என்ன செய்வது என்று பெரும்பாலோருக்குத் தெரியும்: போலீஸ் புகார், காப்புறுதி நிறுவனம், பட்டறை. ஓரிரு வாரத்தில் கார் வீட்டுக்கு வந்துவிடும்.

ஆனால் அது 1990-களில் வெளிவந்த ஸ்போர்ட்ஸ் கார் என்றால் கதை வேறு. புதிய உதிரிபாகம் உடனே கிடைக்காது. கிடைத்தாலும் அதன் முழு விலையைக் காப்புறுதி நிறுவனம் தராது. காரின் உடல் இரும்பா, அலுமினியமா, ஃபைபரா என்பதைப் பொறுத்து வேலையே மாறிவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, கைநிறையச் செலவழித்துப் பார்த்துப் பார்த்து வைத்திருந்த காரை 'முழு இழப்பு' என்று ஒரே வரியில் எழுதி முடித்துவிடவும் வாய்ப்பு உண்டு.

மலேசியாவில் இப்படிப்பட்ட கார் வைத்திருப்பவர்கள் முதல் சில நாட்களில் எடுக்க வேண்டிய முடிவுகளை இங்கே பார்ப்போம். எடுத்துக்காட்டாக முதல் தலைமுறை மஸ்டா எம்எக்ஸ்-5 காரை எடுத்துக்கொள்வோம். 1989-ல் அறிமுகமாகி 1997 வரை தயாரிக்கப்பட்ட, விளக்குகள் மேலெழும்பும் அந்த இரண்டு இருக்கைக் கார்தான். ஜப்பானில் இதற்கு யூனோஸ் ரோட்ஸ்டர் என்று பெயர்.

முதல் 24 மணி நேரத்தில் என்ன செய்ய வேண்டும்?

சாலை விபத்து நடந்த 24 மணி நேரத்துக்குள் போலீஸில் புகார் செய்ய வேண்டும். 1987-ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. 'சின்ன இடிதானே, நாமே பேசி முடிச்சுக்கலாம்' என்று விட்டுவிட்டால், பிறகு உள்ளே பெரிய சேதம் தெரியவரும்போது கையில் எந்த ஆதாரமும் இருக்காது.

படம் எடுக்கும்போது நசுங்கிய இடத்தை மட்டும் எடுக்காதீர்கள். காரைச் சுற்றி எல்லாப் பக்கமும் எடுங்கள். கதவு, போனட், பூட் ஆகியவற்றின் இடைவெளிகளைக் கிட்டத்தில் எடுங்கள். சக்கரங்கள் நேராக நிற்கின்றனவா என்பது தெரியும்படி முன்னாலிருந்தும் பின்னாலிருந்தும் எடுங்கள். விபத்துக்கு முன்பு கார் எப்படி இருந்தது என்பதைக் காட்டும் பழைய படங்களையும், சாயம் அடித்த பில், உதிரிபாகம் வாங்கிய பில் ஆகியவற்றையும் தேடி எடுத்து வையுங்கள். பின்னால் காரின் மதிப்பு பற்றிப் பேச்சு வரும்போது இவைதான் கைகொடுக்கும்.

விபத்து நடந்த இடத்துக்குக் கூப்பிடாமலேயே இழுவை வண்டி வந்து நின்றால் எச்சரிக்கையாக இருங்கள். காப்புறுதி நிறுவனத்தின் அவசர எண்ணை அழைத்து, அவர்கள் அனுப்பும் வண்டியில் ஏற்றுவதே பாதுகாப்பு. வெற்றுப் படிவத்தில் கையெழுத்து போடவே கூடாது. எம்எக்ஸ்-5 போன்ற தாழ்ந்த கார்களைக் கொக்கி போட்டு இழுத்தால் பம்பரும் அடிப்பகுதியும் கூடுதலாகச் சேதமாகும். அதனால் தட்டையான தளம் கொண்ட வண்டி வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள்.

வெளியே தெரிவது மட்டும்தான் சேதமா?

இல்லை. பழைய காரில் பெரும்பாலும் வெளியே தெரிவது பாதிதான்.

எம்எக்ஸ்-5 காரின் முன்பக்க ஃபெண்டர் போல்ட் போட்டு மாட்டப்பட்டது. கழற்றி மாட்டிவிடலாம். ஆனால் பின்பக்கம் சக்கரத்தைச் சுற்றியுள்ள குவார்ட்டர் பேனல் உடலோடு வெல்டிங் செய்யப்பட்டது. அதை மாற்ற வேண்டுமென்றால் வெட்டி எடுத்துத்தான் புதியது வைக்க வேண்டும். ஆகவே முன்பக்கத்தில் கையளவு ஒடுக்கும் பின்பக்கத்தில் கையளவு ஒடுக்கும் பார்க்க ஒன்றுபோல் இருந்தாலும், செலவு ஒன்றாக இருக்காது.

அடுத்து, துரு. இந்தக் காரின் துணிக்கூரையில் விழும் மழைநீர், கதவுகளுக்குப் பின்னால் உள்ள குழாய்கள் வழியே கீழே இறங்கி வெளியேறும். அந்தக் குழாய்களில் இலையும் தூசியும் அடைத்துக்கொண்டால் தண்ணீர் உள்ளேயே தேங்கும். கதவுக்குக் கீழே உள்ள சில் பகுதி, குறிப்பாகப் பின்சக்கரத்துக்குச் சற்று முன்னால், உள்ளிருந்து துருப்பிடிக்கும். நம் ஊர் மழைக்குக் கேட்கவே வேண்டாம். வெளியே சாயம் பளபளவென்று இருக்கும். ஆனால் ஒரு இடி விழுந்தால் அந்த இடம் மடங்காது, உடையும். பட்டறை வேலையைத் தொடங்கிய பிறகு 'இங்கே இரும்பே இல்லீங்க' என்று சொல்லும் நிலை இப்படித்தான் வருகிறது.

காரணம் இன்னொன்றும் உண்டு. 30 ஆண்டு பழைய கார் ஏற்கெனவே இடிபட்டு, புட்டி பூசி மூடப்பட்டிருக்கலாம். சாயத்தின் தடிப்பை அளக்கும் சிறு கருவி இதைக் காட்டிக்கொடுக்கும். தொழிற்சாலையில் அடித்த சாயம் பொதுவாக 100 முதல் 150 மைக்ரான் வரை, அதாவது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கை ஒட்டி இருக்கும். கருவி ஆயிரத்துக்கு மேல் காட்டினால் அடியில் புட்டி இருக்கிறது என்று பொருள். ஒன்று நினைவில் வையுங்கள்: காந்தத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் எம்எக்ஸ்-5 போனட்டில் அது ஒட்டாது. அது புட்டியால் அல்ல. அந்த போனட் அலுமினியத்தால் ஆனது.

இடி பலமாக இருந்தால், ஒடுக்கெடுப்பதற்கு முன்பே உடற்கூட்டை அளக்கச் சொல்லுங்கள். சஸ்பென்ஷன் பொருந்தும் இடங்கள் தயாரிப்பாளர் குறித்த அளவில் இருக்கின்றனவா என்று பார்க்கும் கருவி நல்ல பட்டறைகளில் இருக்கும். அந்த அளவு தவறியிருந்தால், மேலே எவ்வளவு அழகாக வேலை செய்தாலும் கார் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டே ஓடும்.

இரும்பு, அலுமினியம், ஃபைபர்: என்ன வித்தியாசம்?

இரும்புத் தகட்டை உள்ளிருந்து தாங்கு கொடுத்து, வெளியிலிருந்து தட்டி நிமிர்த்தலாம். சாயம் வெடிக்காத சின்ன ஒடுக்கு என்றால், சாயம் அடிக்காமலேயே கம்பி கொண்டு உள்ளிருந்து தள்ளி எடுக்கும் முறையும் உண்டு. ஆனால் முன்பு திரும்பச் சாயம் அடித்த இடமாக இருந்தால் அந்தச் சாயம் பெயர்ந்து வரலாம். முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். தகட்டை முடிந்தவரை நிமிர்த்திய பிறகு, மீதமுள்ள மேடுபள்ளத்தைச் சமன் செய்யத்தான் புட்டி. இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு மேல் பூச வேண்டியிருந்தால் நிமிர்த்தும் வேலை முடியவில்லை என்றே பொருள்.

அலுமினியம் அப்படியல்ல. தட்டத் தட்ட அது இறுகும், பிறகு விரிசல் விடும். சூடு காட்டினால் இரும்பைப் போல் சிவக்காது. நிறம் மாறாமலேயே இருந்து திடீரென்று உருகிவிடும். இரும்புக்குப் பயன்படுத்திய சுத்தியலிலும் தேய்ப்புத் தாளிலும் ஒட்டியிருக்கும் இரும்புத் துகள் அலுமினியத்தில் பதிந்தால், ஈரம் பட்டதும் அந்த இடம் அரிக்கத் தொடங்கும். சில மாதத்தில் சாயம் கொப்பளிக்கும். ஆகவே அலுமினிய வேலைக்குத் தனிக் கருவிகள் வைத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். எம்எக்ஸ்-5 காரில் அது போனட்டோடு நின்றுவிடும். 1990-ல் வந்த ஹோண்டா என்எஸ்எக்ஸ் காரிலோ உடல் முழுவதுமே அலுமினியம்.

லோட்டஸ் எலிஸ் வேறு விதம். லோட்டஸ் நிறுவனத்தைப் புரோட்டோன் 1996-ல் வாங்கியதால் மலேசியர்களுக்குப் பழக்கமான பெயர் அது. அதே ஆண்டு சந்தைக்கு வந்த எலிஸ் காரின் வெளியுடல் ஃபைபர். உள்ளே இருப்பது பசை கொண்டு ஒட்டப்பட்ட அலுமினியச் சட்டம். ஃபைபர் நசுங்காது, வெடிக்கும். மேலே சிலந்தி வலைபோல் கோடுகள் தெரிந்தால் அதன்மேல் புட்டி பூசிச் சாயம் அடித்துப் பயனில்லை. அதே கோடுகள் மீண்டும் வந்துவிடும். வெடித்த இடத்தைச் சரிவாகத் தேய்த்து, ஃபைபர் பாயையும் ரெசினையும் அடுக்கடுக்காக வைத்து வலுவூட்ட வேண்டும். உள்ளே இருக்கும் அலுமினியச் சட்டம் வளைந்திருந்தால் அதை இரும்புச் சட்டத்தைப் போல் இழுத்து நிமிர்த்தக் கூடாது. ஒட்டிய மூட்டுகள் பலவீனமாகிவிடும்.

சுருக்கமாகச் சொன்னால், உங்கள் கார் எதனால் ஆனது என்று தெரியாத பட்டறை, விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் உங்கள் பட்டறை அல்ல. எல்லா 'கெத்தோக்' பட்டறையும் எல்லா வேலையும் செய்யாது.

நிமிர்த்துவதா? புதியது மாற்றுவதா?

புதிய காரில் மாற்றுவதே சுலபம். பழைய காரில் முதலில் நிமிர்த்தப் பார்ப்பதே பெரும்பாலும் நல்லது. காரோடு வந்த அசல் தகடு அதன் இடத்தில் சரியாகப் பொருந்தும். வெளிச்சந்தையில் கிடைக்கும் மாற்றுத் தகடுகள் சில சமயம் சில மில்லிமீட்டர் தள்ளி நிற்கும். அந்த இடைவெளியைச் சரிசெய்யவே தனிக் கூலி ஆகும்.

மூன்றாவது வழி ஹாஃப்கட். ஜப்பானிலிருந்து வெட்டிக் கொண்டுவரப்படும் பயன்படுத்திய பாகங்கள் இவை. ஜப்பானிலும் நம்மைப் போலவே ஸ்டியரிங் வலப்பக்கம் என்பதால் பாகங்கள் ஒத்துப்போகும். எம்எக்ஸ்-5 வைத்திருப்பவர்கள் 'யூனோஸ்' என்று கேட்டால் கடைக்காரருக்கு உடனே புரியும். அசல் போனட்டோ ஃபெண்டரோ கிடைத்தால் அது நல்ல வாங்கல். வாங்குமுன் உள்பக்கம் துரு இருக்கிறதா, பழைய வெல்டிங் தெரிகிறதா என்று பாருங்கள். பில் வாங்க மறக்காதீர்கள்.

ஆனால் ஒன்று. கழற்றி மாட்டும் பாகம் வேறு, ஒரு காரின் முன்பாதியை இன்னொரு காரின் பின்பாதியோடு வெட்டி ஒட்டுவது வேறு. இரண்டாவது சட்டவிரோதம், உயிருக்கும் ஆபத்து. சேஸிஸ் எண் உள்ள பகுதியில் கைவைத்தால் காரை ஜேபிஜே பறிமுதல் செய்யக்கூடும்.

காப்புறுதியில் எவ்வளவு கிடைக்கும்?

இங்கேதான் பலரும் அதிர்ச்சி அடைகிறார்கள். பழைய காருக்குப் புதிய உதிரிபாகம் போட்டால், காரின் நிலை முன்பைவிட உயர்கிறது என்பது காப்புறுதித் துறையின் வாதம். அந்த உயர்வுக்கான பங்கை உரிமையாளரே தர வேண்டும். ஆங்கிலத்தில் இதை 'பெட்டர்மென்ட்' என்பார்கள். மலேசியாவில் ஐந்து வயதுக்குட்பட்ட காருக்கு இது இல்லை. ஐந்தாம் ஆண்டில் 15 விழுக்காட்டில் தொடங்கி ஆண்டுக்கு 5 விழுக்காடாக ஏறி, பத்து ஆண்டும் அதற்கு மேலும் ஆன காருக்கு 40 விழுக்காட்டில் நிற்கும். இது பாகங்களின் விலைக்கு மட்டும்தான், கூலிக்கு அல்ல. இந்தப் பங்கைத் தவிர்க்கும் கூடுதல் காப்பு சில நிறுவனங்களில் உண்டு. புதுப்பிக்கும்போது கேட்டுப் பாருங்கள்.

அடுத்தது என்சிடி எனப்படும் கோரிக்கையின்மைக் கழிவு. தவறு உங்கள் மீது என்றால், உங்கள் காப்புறுதியில் கோரிக்கை வைத்ததும் 55 விழுக்காடு கழிவு பூஜ்யமாகிவிடும். பிறகு ஆண்டுதோறும் 25, 30, 38.33, 45 என்று ஏறித்தான் மறுபடி 55-ஐ எட்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கழிவுக்கு முன் உங்கள் சந்தா 2,000 ரிங்கிட் என்று வையுங்கள். 55 விழுக்காடு கழிவோடு இப்போது 900 ரிங்கிட் கட்டுகிறீர்கள். கோரிக்கை வைத்தால் அடுத்த ஐந்து ஆண்டுகளில் முறையே 2,000, 1,500, 1,400, 1,233, 1,100 ரிங்கிட் கட்ட வேண்டும். கூடுதல் செலவு மொத்தம் 2,733 ரிங்கிட்.

இப்போது பழுதுபார்க்கும் செலவு 4,000 ரிங்கிட், அதில் பாதி பாகங்களின் விலை என்று கொள்வோம். பாகங்களில் 40 விழுக்காடு, அதாவது 800 ரிங்கிட் உங்கள் பங்கு. நிறுவனம் தருவது 3,200. அதில் 2,733 என்சிடி இழப்பில் போய்விடும். ஐந்து ஆண்டுக் கணக்கில் உங்களுக்கு மிஞ்சுவது 467 ரிங்கிட்தான். இதற்குச் சொந்தப் பணத்தில் செய்து, நமக்குப் பிடித்த பட்டறையில் விடலாமே என்று தோன்றினால் அதில் தவறில்லை. அதுவே செலவு 8,000 ரிங்கிட், பாகங்கள் 4,000 என்றால் மிஞ்சுவது 3,667 ரிங்கிட். அப்போது கோரிக்கை வைப்பதில் அர்த்தம் இருக்கிறது.

தவறு எதிராளி மீது என்றால் நிலைமை வேறு. உங்களிடம் முழுக் காப்புறுதி இருந்தால் 'நாக்-ஃபார்-நாக்' முறையில் உங்கள் நிறுவனத்திடமே கோரலாம், என்சிடி பாதிக்கப்படாது. மூன்றாம் தரப்புக் காப்புறுதி மட்டும் இருந்தால் எதிராளியின் நிறுவனத்திடம் கோர வேண்டும். பழைய கார்களுக்கு முழுக் காப்புறுதி தர எல்லா நிறுவனங்களும் முன்வருவதில்லை என்பதால், உங்களிடம் எது இருக்கிறது என்று இன்றே பாலிசியை எடுத்துப் பாருங்கள்.

'முழு இழப்பு' என்று சொல்லிவிட்டால்?

பழுதுபார்க்கும் செலவு காரின் காப்புறுதி மதிப்பை நெருங்கினால், சரிசெய்வது கட்டுப்படியாகாது என்று நிறுவனம் முடிவெடுக்கலாம். அந்த மதிப்பு எப்படிக் குறிக்கப்பட்டது என்பதே இங்கு முக்கியம்.

சந்தை மதிப்பு என்று இருந்தால், விபத்து நாளில் அந்தக் காரின் சந்தை விலை பார்க்கப்படும். ஒப்புக்கொண்ட மதிப்பு என்று இருந்தால், பாலிசியில் எழுதிய தொகையே கணக்கு. அபூர்வமான பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு இரண்டாவதே பாதுகாப்பு.

சந்தாவைக் குறைக்க மதிப்பைக் குறைத்துக் காட்டினால் அது முழு இழப்பில் மட்டுமல்ல, சின்ன இடியிலும் கடிக்கும். சந்தையில் 60,000 ரிங்கிட் போகும் காரை 30,000-க்குக் காப்புறுதி செய்திருந்தால், பாதிக்குத்தான் காப்புறுதி எடுத்திருக்கிறீர்கள். ஆகவே 10,000 ரிங்கிட் சேதத்துக்கும் பாதியே கிடைக்கும். சந்தை மதிப்புப் பாலிசிகளில் இந்த நிபந்தனை உண்டு.

முடிவில் உங்களுக்கு உடன்பாடு இல்லையென்றால் உடனே கையெழுத்திடாதீர்கள். இதே வகைக் கார்களின் விற்பனை விளம்பரங்கள், பில்கள், பழைய படங்கள் ஆகியவற்றோடு எழுத்துப்பூர்வமாக மறுபரிசீலனை கேளுங்கள். நிறுவனத்தின் இறுதி முடிவு வந்த பிறகும் திருப்தி இல்லையென்றால், ஆறு மாதத்துக்குள் எஃப்எம்ஓஎஸ் எனப்படும் நிதிச் சந்தைக் குறைதீர்ப்புச் சேவையிடம் முறையிடலாம்.

சாயம் ஒத்துப்போகுமா?

காரின் தகட்டில் சாய எண் குறிக்கப்பட்டிருக்கும். ஆனால் அந்த எண், கார் புதிதாக இருந்தபோது இருந்த நிறத்துக்கு உரியது. முப்பது வருட வெயிலில் அது வெளுத்திருக்கும். எண்ணை மட்டும் நம்பிக் கலந்தால் ஒரு ஃபெண்டர் மட்டும் தனியாகத் தெரியும். நல்ல பட்டறை, பளபளப்பு ஏற்றிய பழைய சாயத்தோடு மாதிரி அட்டையை வைத்து, நிழலிலும் வெயிலிலும் ஒப்பிடும். மெட்டாலிக், பேர்ல் வகைச் சாயம் என்றால் பக்கத்துத் தகட்டிலும் கொஞ்சம் பரப்பி அடித்தால்தான் வித்தியாசம் தெரியாது. விலை கேட்கும்போதே 'பக்கத்துப் பேனலுக்கும் சேர்த்தா?' என்று கேட்டுவிடுங்கள்.

'இப்ப அண்டர்கோட் மட்டும் அடிச்சு வைங்க, மிச்சத்தை அடுத்த மாசம் பார்த்துக்கலாம்' என்று காரை வெளியே நிறுத்துவது நம் தட்பவெப்பத்துக்கு ஒத்துவராது. புட்டியும் சாதாரண அடிச்சாயமும் ஈரத்தை உறிஞ்சும். மேலே சாயம் அடித்த பிறகு அந்த ஈரம் கொப்புளமாக வரும்.

நிறத்தையே மாற்றினால் ஜேபிஜே-விடம் தெரிவித்து வாகனப் பதிவில் திருத்த வேண்டும்.

வீட்டிலேயே செய்யலாமா?

கீறலுக்குப் பாலிஷ் போடுவது, பம்பரைக் கழற்றி மாட்டுவது, வடிகால் குழாய் அடைப்பு எடுப்பது ஆகியவற்றைச் செய்யலாம். ஹார்டனர் கலந்து அடிக்கும் சாயத்தையும் கிளியர்கோட்டையும் வீட்டு முற்றத்தில் அடிக்க வேண்டாம். அவற்றில் உள்ள ஐசோசயனேட் ஆஸ்துமாவை உண்டாக்கக்கூடியது. துணி முகக்கவசமோ சாதாரணத் தூசிக் கவசமோ அதைத் தடுக்காது. வெல்டிங், சட்டத்தை நிமிர்த்தும் வேலை, காற்றுப்பை தொடர்பான வேலை ஆகிய மூன்றையும் பயிற்சி பெற்றவர்களிடமே விடுங்கள்.

காரை எடுக்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

- பகல் வெளிச்சத்தில், மழை இல்லாத நேரத்தில், கழுவிய காரைப் பாருங்கள்.
- இரு பக்க இடைவெளிகளும் ஒன்றுபோல் இருக்கின்றனவா? விபத்து நாளன்று எடுத்த படங்களோடு ஒப்பிடுங்கள்.
- கதவும் போனட்டும் பூட்டும் அழுத்தாமல் மூடுகின்றனவா? மேலெழும் விளக்குகள் இரண்டும் சேர்ந்து எழுந்து சேர்ந்து இறங்குகின்றனவா?
- சக்கர அலைன்மென்ட் அளவுத் தாளைக் கேட்டு வாங்குங்கள். எண்கள் இல்லாமல் 'சரி பார்த்தாச்சு' என்பது போதாது.
- வெல்டிங் செய்த இடத்தின் உள்பக்கம் துருத்தடுப்பு அடித்தார்களா? வேலை நடக்கும்போது எடுத்த படம் கேளுங்கள்.
- கழற்றிய பழைய பாகங்களைத் திரும்பக் கேளுங்கள். நிறுவனம் பணம் தந்த பாகங்கள் என்றால் முதலில் அவர்களிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். நசுங்கிய அசல் ஃபெண்டர்கூட நாளைக்குக் கிடைக்காமல் போகலாம்.

பில், படங்கள், அளவுத் தாள் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் போட்டு வையுங்கள். அடுத்த ஆண்டு காப்புறுதியைப் புதுப்பிக்கும்போது, காருக்கு எந்த மதிப்பை ஒப்புக்கொள்வது என்று பேச அந்தக் கோப்பு தேவைப்படும்.